ஈரப்பட்டைக்கு ஆதாரம் எங்கே?

1

எங்கள் பல்கலைக்கழகத்தில் எனக்கு எழுத்தறிவு போதாது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதுவும் முனைவர் பட்டம் வாங்கி, ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் பத்து வருடத்துக்கு மேல் மண்ணியல் பாடம் நடத்திய பிறகு. 'தகவல் எழுத்தறிவுப் பயிற்சி, அவசியம் வரவும்' என்று நூலகத்திலிருந்து மின்னஞ்சல். அதைச் சத்தம் போட்டு வாசித்தது என் மடத்தனம். அடுக்களையிலிருந்து என் மனைவி சாந்தி கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"என்னது, முதியோர் கல்வியா?"

"அதெல்லாம் இல்ல. ஆராய்ச்சித் தகவலை எப்படித் தேடுறது, எதை நம்புறதுன்னு சொல்லித் தருவாங்களாம்."

"சிலேட்டுக் குச்சி இந்த ஊர்ல கிடைக்குமா? கிடைக்கலன்னா பாலவனத்தத்துல எங்கம்மாட்ட சொல்லி அனுப்பச் சொல்லவா?"

பாலவனத்தத்துக்காரிகளுக்கு வாய் கொஞ்சம் அதிகம். கட்டிக்கொண்டாயிற்று, என்ன செய்ய?

சிரிப்பு அடங்கியதும் அவளுக்கும் முகம் மாறிவிட்டது. என் வேலை ஒப்பந்த வேலை. டிசம்பரோடு முடிகிறது. இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பதா வேண்டாமா என்று ஒரு குழு கூடி முடிவெடுக்கும். துறைத் தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, காப்பியெல்லாம் கொடுத்து, மிகவும் இனிமையாகச் சொன்னார்: நீங்கள் நன்றாகப் பாடம் நடத்துகிறீர்கள், மாணவர்களுக்கு உங்களைப் பிடிக்கிறது, ஆனால் கட்டுரை வரவில்லையே. இந்த நாட்டில் கழுத்தை அறுப்பதென்றால் இப்படித்தான், வெண்ணெய் தடவி அறுப்பார்கள். குழு கூடுவதற்குள் ஒரு நல்ல ஆய்விதழில் என் கட்டுரை ஏற்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மகள் இனியா இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். வீட்டுக்கடன் அவளை விடப் பெரியதாக வளர்ந்து நிற்கிறது.

ஆகவே எழுத்தறிவு பெறப் புறப்பட்டேன்.

2

நூலகத்தில் ஹெலன் என்று ஒரு அம்மாள். வெள்ளை முடி, சைக்கிளில் வருவார், கோபமே வராது. முதல் நாள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஒரு தகவல் வேண்டுமென்றால் முதலில் என்ன செய்வீர்கள்?

"தெரிந்தவர்களிடம் கேட்பேன்" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வளர்ந்த புத்தி அது. பஸ்ஸின் நெற்றியில் 'பந்தல்குடி' என்று முழம் உயரத்துக்கு எழுதியிருக்கும். நாம் அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு, "அண்ணே, பந்தல்குடி போகுமா?" என்று டிரைவரைக் கேட்போம். அவர் போகும் என்பார். ஏறி உட்கார்ந்து பக்கத்து ஆளிடம், "இது பந்தல்குடிதான?" என்போம். கண்டக்டர் வந்ததும் அவரிடமும் ஒரு தடவை. எழுதி வைத்ததை யார் நம்புவார்கள்? நேற்றைய போர்டை மாற்றாமல் விட்டிருந்தால்?

இதே முறையில்தான் நான் இத்தனை வருடம் ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தேன். ஒரு கட்டுரை தேவைப்பட்டால் எங்கள் கல்லூரித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்பேன். ஒருவன் வணக்கம் வைப்பான். ஒருவன் கல்யாணப் பத்திரிகை போடுவான். சாயங்காலத்துக்குள் யாராவது சம்பந்தமில்லாத ஏதாவதொரு கோப்பை அனுப்புவார்கள். அதைத் திறந்து பார்த்துவிட்டு, 'பிறகு படிக்க' என்ற பெட்டியில் போட்டு வைப்பேன். அந்தப் பெட்டி என் கணினியையே மூச்சுத் திணற வைத்துக்கொண்டிருந்தது. காலை முழுக்கத் தேடியதில் கையில் ஒன்றும் இருக்காது. பக்கத்து அறைக்காரர் அந்த நேரத்தில் ஒரு அத்தியாயமே எழுதி முடித்திருப்பார். அவர் மூளைக்காரர், நமக்கு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் அவருக்குத் தேடத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இவ்வளவுதான் விஷயம். வயிறு எரிந்தது.

ஹெலன் என் தேடலைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். நான் தேடுபெட்டியில் ஒரு முழுக் கடிதமே எழுதினேன். 'தயவுசெய்து' கூடப் போட்டிருந்தேன். அவர் சிரிக்கவில்லை. எந்தச் சொல்லை எப்படிச் சேர்ப்பது, எதைக் கழிப்பது, எங்கே போய்த் தேடுவது என்று பொறுமையாகக் காட்டினார். பிறகு கேட்கச் சொன்னவை மிகச் சாதாரணமான கேள்விகள். இதைச் சொன்னது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? அவராகப் பார்த்தாரா, இன்னொருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறாரா? இப்படிச் சொல்வதால் அவருக்கு என்ன லாபம்?

இரண்டு வாரத்தில் என் கட்டுரை தயாராகிவிட்டது. சத்தியமாக. இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த கட்டுரை! அனுப்பினேன். சாந்தி கேசரி கிண்டினாள்.

3

கட்டுரை இதுதான். இங்கே நகரத்துக்குக் கிழக்கே காய்ந்த கோதுமைப் பூமி. மழை நம்மூர் மாதிரியே நம்ப முடியாதது. நிலத்தின் நடுவே விதைக்காமல் ஒரு பட்டை விட்டால், அங்கே தங்கும் ஈரத்தைப் பக்கத்துப் பயிர்கள் பின்னால் எடுத்துக்கொள்கின்றன. இதை நான் மூன்று பருவம் வெயிலில் நின்று அளந்தேன். அளவுகள் சுத்தமானவை.

யோசனை வந்தது என் அண்ணனின் புஞ்சையிலிருந்து. எம்.ரெட்டியபட்டி பக்கம் எங்கள் ஊர். நான் வெளிநாடு வந்த பிறகு அண்ணன் ரோட்டோரமாக ஒரு புஞ்சை வாங்கினார். ஒரு விடுமுறையில் போனபோது பார்த்தேன். பருத்திக்கு நடுவே ஒரு பட்டை நிலம் சும்மா கிடந்தது. ஏன் என்றேன். "ஈரம் நிக்கும்லே. அந்தக் காலத்துல இருந்து உள்ளதுதான்" என்றார். எவ்வளவு ஞானம் என்று புல்லரித்துவிட்டது.

கட்டுரையின் முன்னுரையில் எழுதினேன்: 'அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் கடைப்பிடிக்கும் ஈரப்பட்டை முறை.' அண்ணன் புஞ்சையின் படத்தையும் சேர்த்தேன். தலைப்பிலும் 'பாரம்பரிய' என்று போட்டேன். அந்தச் சொல்லைக் கண்டால் வெள்ளைக்காரர்களுக்கு ஒரு உருக்கம் வரும்.

மதிப்பீட்டாளரின் குறிப்பு வந்தது. சோதனை நன்று, அளவுகள் நன்று. இரண்டே சந்தேகம். ஒன்று, தலைமுறை தலைமுறையாக என்பதற்கு மூல ஆதாரம் தரவும். இரண்டு, படத்தில் அந்தப் பட்டை உழவுசாலுக்குச் சம்பந்தமில்லாமல் வயலுக்குக் குறுக்கே சாய்வாகப் போகிறதே, ஏன்?

இரண்டாவதற்கு நான் ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஆடிக்காற்றின் திசை, மண் அரிப்பு என்று அருமையான விளக்கம். முதலாவதற்கு ஆதாரம் தேடக் கிளம்பினேன். இப்போது எழுத்தறிவு பெற்றவன் அல்லவா? ஒரு இந்திய ஆய்விதழில் 'ஈரப்பட்டை' பற்றி இருந்தது. அது இன்னொரு கட்டுரையைக் காட்டியது. அது ஒரு கருத்தரங்க மலரைக் காட்டியது. மலரில் அந்தக் கட்டுரையை எழுதியவன் செல்வராசு. எங்கள் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பேராசிரியர், என் கூடப் படித்தவன்.

போன் போட்டேன். "ஏலே செல்வராசு, ஈரப்பட்டைன்னு எழுதிருக்கியே, உனக்கு யாரு சொன்னது?"

"என்னலே இப்படிக் கேக்குற? நீதான சொன்ன!"

"நானா?"

"அருப்புக்கோட்டையில டீ குடிச்சோம்ல, நீ லீவுல வந்தப்ப? ஒங்க அண்ணன் புஞ்சைக் காட்டைப் பத்தி நீதான் அரை மணி நேரம் பேசுன. அதுக்குப் பெறகு நானும் போய்ப் பாத்தேன். ஒங்க அண்ணனும் ஆமாம்னாரு. பேரு மட்டும் நான் வச்சது."

ஆக, உலக அறிவியலில் ஈரப்பட்டைக்கு இருக்கும் மூலாதாரம் நான்தான். நான் குடித்த ஒரு டீ.

4

ஹெலனிடம் போய்ச் சொன்னேன். அவர் அப்போதும் சிரிக்கவில்லை. அந்தப் பொறுமையைக் கும்பிடத்தான் வேண்டும். "அந்த வயலை மேலேயிருந்து பார்க்கலாமா?" என்றார். செயற்கைக்கோள் படத்தைத் திறந்து எங்கள் ஊரைத் தேடினோம். கண்மாய், கோயில், ஓட்டு வீடுகள், அண்ணன் புஞ்சை. பழுப்பு நிறத்தில் சாய்வாக ஒரு கோடு தெளிவாகத் தெரிந்தது.

"இந்தக் கோடு எங்கே தொடங்குகிறது?" என்றார்.

"வீடுகள் இருக்கும் தெருவில்."

"எங்கே முடிகிறது?"

பெரிதாக்கினேன். ரோட்டோரம் ஒரு சின்னத் தகரக் கூரை தெரிந்தது.

"அது என்ன கட்டடம்?"

"பஸ் ஸ்டாப்" என்றேன். சொல்லும்போதே எனக்கு வேர்த்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். இங்கேயே வளர்ந்த இனியா குறுக்கே புகுந்து, "பெரியப்பா, நீங்க நல்லா இருக்கானா?" என்று மரியாதையாக விசாரித்தாள். "இருக்கேன் தாயி, இருக்கேன்" என்று அவர் அதையும் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். பிறகு நான் வேலைக்கு வந்திருக்கும் ஆபத்தைச் சொல்லி, மெதுவாக விஷயத்துக்கு வந்தேன். அண்ணன் கணீரென்று ஆரம்பித்தார்.

"நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து..."

"அண்ணே, அந்தக் காட்டை நீ வாங்குனதே நான் இங்க வந்ததுக்குப் பெறகுதான?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மதினியின் குரல் வெடித்தது.

"என்ன பாட்டன் பூட்டன்? பஸ்ஸுக்குப் போற பாதையில்ல அது! கொழுந்தனாரே, இவுக சொல்றதக் கேக்காதீக. காட்டை வாங்குன வருசம் பாதையில கருவேல முள்ள வெட்டிப் போட்டு அடைச்சாக இந்த மகராசன். ஊர்ப் பொம்பளைக பூராம் சேந்து அத்தன முள்ளையும் இழுத்தாந்து எங்க வீட்டு வாசல்ல குமிச்சுட்டோம்."

"குமிச்சுட்டோமா? நீங்களுமா மதினி?"

"மொத ஆளே நான்தான்! நான் எப்படி டவுனுக்குப் போறது? சுத்திப் போனா பஸ்ஸு போயிருமே!"

"போனை வையிடி" என்று அண்ணன் உறுமினார்.

மிச்சக் கதையும் வந்தது. மறு வருடம் அண்ணன் பேசாமல் பாதையை விட்டுவிட்டு விதைத்தார். கேட்டவர்களிடமெல்லாம் ஈரத்துக்காக விட்டதாகச் சொன்னார். பெண்களிடம் தோற்றேன் என்று எந்த ஆம்பளை சொல்வான்? நான் நம்பினேன். செல்வராசு நம்பினான். அவன் வருடா வருடம் மாணவர்களை வேனில் கூட்டிவந்து, அண்ணனுக்குப் பொன்னாடை போர்த்தி, 'முன்னோடி விவசாயி' என்று சான்றிதழ் கொடுத்தான். அது கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

"நீ மட்டும் இதை எழுதுனே," என்றார் அண்ணன், "என் மூஞ்சியில முழிக்காத."

5

செல்வராசு இன்னும் தெளிவாக இருந்தான். "இத்தன பேரு எழுதியாச்சு. இப்பப் போய்ப் பாதைன்னு சொன்னா எப்படிலே? பாதைங்கிறதுக்கு ஆதாரம் இருக்கா? எந்த ஜர்னல்ல வந்திருக்கு?"

சுலபமான வழி கண் முன்னால் கிடந்தது. செல்வராசுவின் மலரை ஆதாரமாகப் போட்டால் போதும். மதிப்பீட்டாளர் திருப்தியாகிவிடுவார், கட்டுரை ஏறிவிடும், வேலை நிலைத்துவிடும். அண்ணன் முகமும் வாடாது. உண்மையை எழுதினால் தலைப்பை மாற்றவேண்டும், முன்னுரையை வெட்டவேண்டும், காற்றுத் திசை விளக்கத்தைக் குழிதோண்டிப் புதைக்கவேண்டும். மறுபடி மதிப்பீட்டுக்குப் போகும். குழு கூடுவதற்குள் திரும்பி வருமா, யாருக்குத் தெரியும்? இந்த ஹெலன் அம்மாளை ஏன்தான் சந்தித்தேனோ என்று இருந்தது. தெரியாமல் எழுதியவரை நிம்மதியாக இருந்தேன். தெரிந்த பிறகு கை ஓடவில்லை.

சாந்தியிடம் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "பொய்யை எழுதி வேலைய வாங்கிட்டு, அதை மூணு வருசம் பயந்து பயந்து பாக்கப் போறீகளா? உங்களுக்குப் பொய் சொன்னா தூக்கம் வராது. நீங்க தூங்கலன்னா என்னையும் தூங்க விட மாட்டீக. உண்மையவே எழுதுங்க."

எழுதினேன். 'பாரம்பரிய' போயிற்று. 'இந்த யோசனை, ஊர் மக்கள் பஸ்ஸுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையைத் தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்தது. சோதனை முடிவுகளுக்கு அதனால் பாதிப்பில்லை' என்று சேர்த்தேன். ஆதாரம் என்ற இடத்தில் 'என் அண்ணன் மனைவி, தொலைபேசியில்' என்று போட்டேன்.

ஆய்விதழின் ஆசிரியர் உடனே பதில் போட்டார். நேர்மைக்கு நன்றி. ஆனால் அது பாதைதான் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். தேதியோடு ஒரு படம் போதும்.

படத்துக்கு எங்கே போவேன்? அண்ணன் என் போனை எடுக்கவில்லை. மதினியின் போனையும் பிடுங்கி வைத்துக்கொண்டார். குழு கூடும் நாள் நெருங்கியது. பழைய அட்டைப் பெட்டிகளை சாந்தி எதேச்சையாக எடுப்பதுபோல எடுத்துத் தூசி தட்டினாள்.

6

பிறகு ஒரு நாள் காலையில், நான் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, அண்ணனிடமிருந்து வீடியோ அழைப்பு.

அங்கே காலை பஸ் வரும் நேரம். அண்ணன் தோளில் பொன்னாடையோடு புஞ்சையில் நின்றார். சுற்றிலும் வெள்ளைத் தொப்பி போட்ட மாணவர்கள், நடுவில் செல்வராசு கையில் மைக்கோடு. வருடாந்திர விஜயம். "நம் முன்னோர்களின் நுண்ணறிவு..." என்று ஆரம்பித்திருந்தான்.

அண்ணன் செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு குறுக்கே புகுந்தார். "சார், ஒரு நிமிசம். இது முன்னோர் முறையும் இல்ல, ஈரப்பட்டையும் இல்ல. பஸ்ஸுக்குப் போற பாதை. நான் அடைச்சுப் பாத்தேன். பொம்பளைக விடல. அம்புட்டுத்தான்."

மாணவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். செல்வராசு சிரித்துச் சமாளித்தான். "அண்ணன் தமாசு பண்றாரு. அண்ணே, புத்தகத்துல எல்லாம் வந்திருச்சு. நீங்க இப்படிச் சொன்னா அதுக்கு ஒரு ரெபரன்ஸு வேணும்ல?"

ரோட்டுப் பக்கமிருந்து பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தெருவிலிருந்து ஒரு கூட்டம் கிளம்பியது. வயர் கூடையோடு பெண்கள், மில் வேலைக்குப் போகிறவர்கள், காலேஜ் பிள்ளைகள், எல்லாருக்கும் முன்னால் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு எங்கள் மதினி. "தள்ளுங்கய்யா, தள்ளுங்கய்யா" என்று மாணவர்களைப் பிளந்துகொண்டு, பட்டை வழியாக, சாய்வாக, ஒரே ஓட்டம். செல்வராசுவின் மைக் ஒயர் ஒரு கூடையில் மாட்டிக் கொஞ்ச தூரம் அதுவும் ஓடியது.

அண்ணன் கையை நீட்டினார். "அந்தா ஓடுது பாருங்க சார், ரெபரன்ஸு!"

நான் பல்கலைக்கழக நடைபாதையில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் காட்சியை அப்படியே படம்பிடித்து ஆசிரியருக்கு அனுப்பினேன்.

அண்ணன் எப்படி மனம் மாறினார் என்று மதினியிடம் பிறகு கேட்டேன். "கெஞ்சிப் பாத்தேன், அசையல. கடைசியில ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். கொழுந்தனாருக்கு வேல போச்சுன்னா ஊருக்குத்தான் வருவாரு, உங்க கூடத்தான் காட்டுக்கு வருவாருன்னேன். உழவைக் கெடுத்துப்புடுவானேன்னு பதறிப் போய் எந்திரிச்சுட்டாக" என்றார். என் உழவைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் நியாயமானதுதான்.

7

கட்டுரை ஏற்கப்பட்டது. முதல் படமாக மதினி ஓடுகிறார், கண்டத்துக்குக் கண்டம் தெரியும்படி. குழு என் ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டியது. துறைத் தலைவர் மறுபடி காப்பி கொடுத்தார். இந்தத் தடவை காப்பி நன்றாகவே இருந்தது. சாந்தி அட்டைப் பெட்டிகளைப் பரணில் போட்டாள்.

அண்ணனைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை முதல் மணியிலேயே எடுத்தார்.

"வேல நிலைச்சிருச்சுண்ணே. இன்னும் மூணு வருசம்."

"அப்படியா? நல்லதுலே. சந்தோசம்."

"உன்னாலதாண்ணே. செல்வராசு ரொம்பக் கோபமா இருக்கானா?"

"அவன் கெடக்கான். நீ சொல்லு. பிள்ள நல்லாருக்கா?"

"நல்லாருக்கா."

பின்னால் கோழி கொக்கரித்தது.

"அப்ப, இப்போதைக்கு ஊரோட வரமாட்டே" என்றார்.

"நான் வந்துருவேன்னு பயந்துதான் நீ உண்மையச் சொன்னதா மதினி சொன்னாக!"

"அவ கெடக்கா. அதுக்கில்லலே. ஒருவேள வேல போயிருச்சுன்னா வந்து இருக்கணும்லன்னு மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வச்சேன். இனியாவுக்குன்னு சன்னல் பக்கமா ஒரு மேசையும் செஞ்சு போட்டேன். சரி, கெடந்துட்டுப் போகுது."

"லீவுக்கு வாரேண்ணே. எல்லாரும் வாரோம்" என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

"வா. ஆனா வந்தா பாதையிலயே நடக்கணும். வெள்ளாமைக்குள்ள காலை வச்சே, தொலைச்சுப்புடுவேன்."